மருதாயி முறைத் தண்ணி

மருதாயி செத்துட்டாங்கற சேதி வந்தப்ப நான் முந்திரிக்கொட்டை ஒடைச்சிக்கிட்டு இருந்தேன். திங்கக்கெழமை சாயங்காலம். மொதல்ல எனக்கு என்னா தோணுச்சின்னு சொல்ல வெக்கமாத்தான் இருக்குது. ‘அடக் கடவுளே, நாளைக்கி என் முறையாச்சே’ன்னுதான் தோணுச்சி. அதுக்கப்புறந்தான் ‘ஐயய்யோ மருதாயிக்கா’ன்னு வாயில வந்துச்சி.

முறைன்னா தண்ணி முறை. செந்துறைக்குத் தெக்கால எங்க ஊரு. ஏரிக்கரைக்குக் கீழ பஞ்சாயத்து எடம் கொஞ்சம் கருவேலம் மண்டிக் கெடந்துச்சி. அத வெட்டித் திருத்தி எங்க பொம்பளைங்க குழுவுல பத்து பேருக்கு ஆளுக்கு மூணு சென்ட்டுன்னு காய்கறி போடப் பிரிச்சிக் குடுத்தாங்க. பத்துத் துண்டுக்கும் சேத்து ஒரே கெணறு, ஒரே மோட்டாரு. ஒரு நாளைக்கி ரெண்டு பேரு பாய்ச்சலாம். அஞ்சு நாளைக்கி ஒருக்கா அவங்கவங்க முறை வரும். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு தகரத்துல பேரு எழுதி நட்டு வச்சிருக்குது. வூடு மாமனாரு பேருல, ரேஷன் கார்டு வூட்டுக்காரரு பேருல, கேஸ் சிலிண்டரு கூட அவரு பேருலதான். ‘சி. பரிமளா’ன்னு என் பேரு எழுதி நிக்கிற எடம் இந்த ஒலகத்துல அந்த மூணு சென்ட் மட்டுந்தான்.

அதுக்கும் இந்த வருஷம் ஆபத்து வந்துடுச்சி. ரெண்டு கோடை தொடந்தாப்புல காய விட்டா துண்டு கைமாறிடும்னு குழுவுல எழுதி வச்சிருக்காங்க. போன வருஷம் என் துண்டு காஞ்சி போச்சி. என் வூட்டுக்காரரு சின்னதுரை ரெட்டிபாளையம் பக்கம் லாரிக்கு சிமெண்ட் மூட்டை ஏத்துற வேல. சித்திரையில முதுவு புடிச்சிக்கிட்டு, திருச்சி பெரியாஸ்பத்திரியில இருவது நாளு கெடந்தாரு. நான் அங்க வராண்டாவுல படுத்துக் கெடந்தேன், இங்க செடியெல்லாம் சருகாப் போச்சி. அப்பவே எடுத்துடலாம்னு நின்னா குழுத் தலைவி சிந்தாமணி. ஏன்னா துண்டுக்குக் காத்திருக்கற பேருல மொதப் பேரு அவ மருமவ சிந்து. மருதாயிதான் “ஒரு வருஷம் பொறுங்கடி, அவ புருசன் படுத்துக் கெடந்தா அவ என்னா பண்ணுவா?”ன்னு சத்தம் போட்டா. அதுவும் என் மேல பாசத்துல இல்ல. சிந்து பக்கத்துத் துண்டுக்கு வந்தா தனக்கு ஆவாதுன்னுதான்.

ஆமா, மருதாயி துண்டுக்கு அடுத்ததுதான் என் துண்டு. வாய்க்கா அவ வரப்ப ஒட்டி வந்துதான் எனக்குத் திரும்பணும். அதுதான் எங்க ரெண்டு பேரு ஜாதகத்துலயும் இருந்த சனி.

என் முறை அன்னிக்கி அவ மடைய மண்ணுவச்சி அடைக்கணும். அடைப்பா. அடைச்சிட்டு, மம்புட்டிய தோளுல போட்டுக்கிட்டு மகராணி மாதிரி போவா. போனதும் பாத்தா, அந்த அடைப்புல கட்டை வெரல் போற அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும். என் தண்ணி சிலுசிலுன்னு அவ பரங்கிக்கொடிக்குப் போயிக்கிட்டு இருக்கும். கேட்டா, “நண்டு போட்டிருக்கும்டி”ம்பா. செந்துறை காட்டுல எங்கேர்ந்து நண்டு வருது? மூணு வருஷமா எங்களுக்குள்ள பேச்சுன்னா அந்த நண்டப் பத்தின பேச்சுதான்.

போன வியாழக்கெழமை என் முறை. பங்குனிக் கடைசி, வெயிலு மண்டையப் பொளக்குது. கெணத்துல அடியில கொஞ்சந்தான் தண்ணி. முக்கா மணி நேரம் ஓடுனா மோட்டாரு காத்தத்தான் இழுக்கும். என் வெள்ளரி அப்பத்தான் பிஞ்சு வுட்டுருக்குது, வெண்டை காய்ப்புக்கு வந்துருக்குது. நான் கொட்டை ஒடைச்சிட்டு, முந்திரிப்பால் பட்டு எரியற கையோட போறேன், அங்க நண்டு வேலை பாத்துருக்குது. எனக்கு வந்துச்சே ஆத்திரம்! கரையில ஏழெட்டுப் பேரு நிக்கிறாங்கன்னு கூடப் பாக்கல.

“ஒரு கொடம் தண்ணிக்கி இப்புடி நாக்கத் தொங்கப் போட்டுக்கிட்டு அலையறியே, நீ நாசமாப் போவ! ஒன் வாயில மண்ணு விழ!”ன்னு கத்திட்டேன்.

அவ மெதுவா நிமுந்து பாத்தா. “விழும்போது விழட்டும்டி, நீ இப்ப மடையப் பாரு, தண்ணி வீணாப் போவுது”ன்னா.

இதுதான் நானும் அவளும் கடைசியாப் பேசிக்கிட்டது. நாலாம் நாளு மத்தியானம் சோறு தின்னுட்டுப் படுத்தவ எழுந்திரிக்கல.

எங்க ஊருல ஒரு வழக்கம். பொணம் கெடக்கும்போது ஊருக்குள்ள யாரும் ஏரு பூட்ட மாட்டாங்க, ஒலக்கை போட மாட்டாங்க, மோட்டாரு போட மாட்டாங்க. மண்ணுல மம்புட்டி படக்கூடாது. பொணம் எல்லையத் தாண்டுனப்புறந்தான் எல்லாம். இத வச்சவங்களக் கொறை சொல்ல முடியாது. அப்பல்லாம் காலையில செத்தா பொழுது எறங்கறதுக்குள்ள எடுத்துடுவாங்க. ஒரு பொழுது சும்மா இருந்தா யாரு குடி முழுவிடும்? இப்பத்தான் ஐஸ் பெட்டி வந்துடுச்சே. மருதாயிக்கு ஒரே மவன் செந்தில்குமாரு, குவைத்துல இருக்கான். கம்பெனிக்காரன் பாஸ்போர்ட்டக் குடுக்கணும், டிக்கெட் கெடைக்கணும், திருச்சி வந்து எறங்கணும். வியாழக்கெழமை மத்தியானத்துக்கு முந்தி எடுக்க முடியாதுன்னு செவ்வாக்கெழமை காலையில சொல்லிட்டாங்க.

வியாழனா! நான் வெரலு வுட்டு எண்ணிப் பாத்தேன். போன வியாழன் பாய்ச்சுனது. செவ்வா என் முறை, போச்சி. அடுத்தது ஞாயித்துக்கெழமை. பத்து நாளு. இந்த வெயிலுக்கு அஞ்சு நாளு தாங்கறதே பெருசு. மத்தியானம் வெள்ளரி எலை தொவண்டு கெடக்கும், சாயங்காலம் தானா நிமுந்துடும். சாயங்காலமும் நிமுரலன்னா அத மறந்துட வேண்டியதுதான்.

“விடியக்காலம் போயி ரெண்டு கொடம் ஊத்திட்டு வாயேன், யாரு பாக்கப் போறா?”ன்னாரு என் வூட்டுக்காரரு.

“யாரு பாக்கப் போறாவா? மத்தவங்க போனா யாரும் பாக்க மாட்டாங்க. நான் போனா ஊரே பாக்கும்”னேன்.

வெளயாட்டு இல்ல. திங்கக்கெழமை சாவு வூட்டுல நான் கால வச்சதுமே ரெண்டு பேரு காதக் கடிச்சிக்கிட்டாங்க. “இவதான் போன வாரம் சாபம் வுட்டா. நாலே நாளுல பலிச்சிடுச்சி பாரு”ன்னு என் காதுல விழறாப்புலதான் சொன்னாங்க. நான் எத்தன பேர இப்புடித் திட்டியிருக்கேன்! என் வூட்டுக்காரரத் தெனம் திட்டுறேன், அவரு குத்துக்கல்லாட்டம் இல்ல? என் வாயிக்கி அவ்வளவு சக்தி இருந்தா கரண்டு ஆபீஸ் என்னிக்கோ இடிஞ்சி விழுந்துருக்கணும்.

ஆனாலும் பயம். அதனால ஊருக்கு ஒரு துக்கம்னா எனக்கு ரெண்டு துக்கம் காட்ட வேண்டியதாப் போச்சி. ஐஸ் பெட்டிக்குத் தலைமாட்டுல போயி உக்காந்தவதான். வெளியூரு சனம் வர வர, ஒவ்வொருத்தியையும் கட்டிப் புடிச்சி அழுதேன். மாரடிச்சேன். “என் பொறப்பே, என் தொணையே”ன்னு ராகம் போட்டேன். தொண்டை கட்டிக்கிச்சி, முட்டி மரத்துப் போச்சி. கண்ணுல மட்டும் ஒரு சொட்டு வரல. முந்தானைய மூஞ்சில மூடிக்கிட்டு உள்ளுக்குள்ள வெண்டைச் செடியத்தான் எண்ணிக்கிட்டு இருந்தேன். மூணு வரிசை, வரிசைக்கிப் பதினெட்டு.

பெட்டிக்குள்ள மருதாயி நெத்தியில ஒரு ரூவா காசோட சில்லுன்னு படுத்துருந்தா. வெளிய நாங்க வெந்துக்கிட்டு இருந்தோம். கண்ணாடியில வேர்த்து வேர்த்து ஒழுவுன தண்ணியத் தொடைச்சிக்கிட்டே இருந்தேன். அந்தத் தண்ணியப் புடிச்சா ஒரு வெண்டைச் செடிக்குப் போதும்னு ஒரு நெனப்பு. பாவி, என்னா நெனப்பு பாருங்க.

புதன்கெழமை பதினோரு மணி இருக்கும், மோட்டாரு ஓடுற சத்தம் கேட்டுச்சி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சி. பக்கத்துல இருந்தவளத் தொட்டு, “என்னாடி இது?”ன்னேன்.

“சாவு வூட்டுக்குத் தண்ணி பத்தலயாம். சிந்தாமணி சொல்லித்தான் ட்ரம்முல புடிக்கிறாங்க. வந்த சனம் குடிக்கணும், கழுவணும்ல?”ன்னா அவ.

அதுவும் நாயந்தான்னு வுட்டுட்டேன். மோட்டாரு ரொம்ப நேரம் ஓடுச்சி. எத்தன ட்ரம்மோ, யாரு கண்டா? ரெண்டு நாளா சரியாத் தூங்காத கண்ணு, அந்தச் சத்தத்துலயே உக்காந்த வாக்குல ஒரு கோழித் தூக்கம் போட்டேன். முழிச்சிப் பாத்தா எங்க குழுப் பொம்பளைங்க ஒருத்தியையும் காணல. சோறாக்கப் போயிருப்பாங்கன்னு நெனச்சிக்கிட்டேன்.

வியாழக்கெழமை காலையில செந்தில்குமாரு வந்தான். பெட்டிய அப்புடியே கட்டிக்கிட்டுக் கெடந்தான் புள்ள. என் கையப் புடிச்சிக்கிட்டு, “மூணு நாளா நீங்கதான் நவுராம இருந்தீங்கன்னு சொன்னாங்க சின்னம்மா”ன்னான். எனக்குச் செருப்பால அடிச்ச மாதிரி இருந்துச்சி. “அதுக்கென்னாப்பா”ன்னு தலையக் குனிஞ்சிக்கிட்டேன்.

ரெண்டு மணிக்கித் தூக்குனாங்க. பொம்பளைங்க நாங்க தெருமொனையோட நின்னு திரும்பி, தலைமுழுவுனோம். மத்தவங்க அவங்கவங்க வூட்டுக்குப் போனாங்க. நான் வூட்டுக்குப் போவல. ஈரத் தலையோட, ஈரச் சீலையோட நேரா ஏரிக்கரைக்கி எறங்கிட்டேன். கருப்பு டீ தவிர மூணு நாளா வவுத்துல ஒண்ணும் இல்ல. மூணு மணி வெயிலு. சீல நடக்க நடக்கவே காஞ்சிடுச்சி.

எல்லாத் துண்டும் காஞ்சிதான் கெடக்கும், பத்து பேருக்கும் ஒரே கதிதான், அப்ப என் பேர மட்டும் தனியா அழிக்க முடியாதுன்னு ஒரு தெம்பு இருந்துச்சி பாருங்க எனக்கு. கரையேறிப் பாத்தா மொதத் துண்டு சிந்தாமணியோடது. தக்காளி பச்சைப் பசேல்னு நிக்குது. கீழ மண்ணு கருப்பா ஈரம். கால வச்சேன், பொதக்குன்னு உள்ள போச்சி. அடுத்த துண்டு, ஈரம். அதுக்கடுத்தது, ஈரம். கீரைப்பாத்தி, ஈரம். ஒண்ணொண்ணாத் தொட்டுப் பாத்துக்கிட்டே போறேன். எட்டுத் துண்டுலயும் ஈரம்.

ரெண்டே ரெண்டு துண்டுலதான் மண்ணு பாளம் பாளமா வெடிச்சிக் கெடந்துச்சி. என்னோடது ஒண்ணு, மருதாயியோடது ஒண்ணு. ஊரு வழக்கத்த முழுசாக் காப்பாத்துனது நாங்க ரெண்டு பேருதான், நானும் அந்தச் செத்த பொணமும்.

சிந்தாமணி அங்கதான் இருந்தா. கத்திரிக்காய அறுத்து மடியில கட்டிக்கிட்டு இருந்தா. என்னப் பாத்ததும் மூஞ்சி ஒரு மாதிரி ஆயிப்போச்சி.

“ட்ரம்முலயா சிந்தாமணி தண்ணி புடிச்சீங்க?”ன்னேன்.

“புடிச்சோம், புடிக்காம? மோட்டாரு போட்டதுதான் போட்டாச்சி, வாய்க்காலுலயும் கொஞ்சம் வுட்டோம். கண்ணு முன்னாடி பயிரு காய்ஞ்சா யாரு பாத்துக்கிட்டு இருப்பா?”

“எனக்கு ஒரு வார்த்த சொன்னா ஒன் நாக்கு தேஞ்சா போயிடும்?”

“நீ பொணத்துக்குத் தலைமாட்டுல உக்காந்து அந்த அழுவ அழுவுற. ஒன்னப் போயி வெள்ளரிக்குத் தண்ணி வுடக் கூப்புட்டா நல்லாவா இருக்கும்? அதுவும் நீ திட்டுன திட்டுக்கு...”

“ஆங், சொல்லு. நின்னுட்டியே. சொல்லு.”

அவ கத்திரிக்கா மடியச் சரி பண்ணிக்கிட்டா. எனக்குச் சண்ட போடத் தெம்பு இல்லங்க. மத்த நாளா இருந்தா அவ மடியில ஒரு கத்திரிக்கா மிஞ்சியிருக்காது. இன்னும் பத்து நாளுல குழு கூடுது. என் துண்டு காஞ்சி கெடக்கறதப் போனுல ஒரு போட்டோ புடிச்சிக் காட்டுனா போதும், தகரத்துல என் பேர அழிச்சிட்டு சிந்து பேர எழுதிடலாம். அந்தக் கணக்கு இவ மனசுல ஓடாம இருந்துருக்குமா? ஓடியிருந்தாலும் நான் என்னா பண்ண முடியும்?

என் துண்டுக்குள்ள போனேன். வெள்ளரிக்கொடி எலையெல்லாம் வெத்தலையக் கசக்கிப் போட்டாப்புல கெடந்துச்சி. ஒரு பிஞ்சப் பறிச்சிக் கடிச்சேன், வேப்பங்காயாட்டம் கசப்பு. வெண்டை எலையத் தொட்டா சூடு. தண்டக் கிள்ளிப் பாத்தேன். உள்ள இன்னும் பச்சை இருந்துச்சி. உசுரு போவல. இப்ப தண்ணி வுட்டா பொழைச்சிக்கும். ஞாயித்துக்கெழமை வுட்டா வெறவுதான்.

அப்பத்தான் எனக்கு ஞாவகம் வந்துச்சி. வியாழக்கெழம. இன்னிக்கி மருதாயி முறை.

“இன்னிக்கி மருதாயிக்கா முறைதான? அத நான் எடுத்துக்கறேன்”னேன்.

சிந்தாமணி திரும்புனா. “அடிப்பாவி! குழியில மண்ணு போட்டுட்டு ஆம்பளைங்க இன்னும் திரும்பல. அதுக்குள்ள அவ முறைய எடுக்கறேங்கற. ஒனக்கு வாயி கூசல?”

“பொணத்த பெட்டியில வச்சிக்கிட்டுப் பாய்ச்சுனீங்களே எட்டுப் பேரு, ஒங்களுக்குக் கூசுனா எனக்கும் கூசும். ஒன் மருமவளுக்கு நாளைக்கே மருதாயிக்கா துண்டு கெடைக்கப் போவுது. இன்னும் என் துண்டு மேல என்னாத்துக்குக் கண்ணு?”

அந்த நெனப்பு அவளுக்கும் அப்பத்தான் வந்துச்சோ என்னமோ. மோட்டாரு சாவியத் தூக்கி வரப்புல போட்டுட்டுப் பழையபடி கத்திரிச்செடிக்கிட்ட குனிஞ்சிக்கிட்டா.

மோட்டாரப் போட்டேன். கெணத்த எட்டிப் பாத்தா அடிப்பாறை தெரியுது. நேத்து அத்தனையும் உறிஞ்சிட்டாளுங்க. ஊறுன தண்ணி கொஞ்சந்தான். ஒரு துண்டுக்கே இழுபறி. ரெண்டுக்குப் பிரிச்சா ரெண்டுமே போயிடும். அது மட்டும் நல்லாத் தெரிஞ்சிச்சி.

மருதாயி மடையில போயி நின்னேன். மம்புட்டி கொண்டாரல, கையாலதான் மண்ண அள்ளுனேன். அடைச்சேன். மேல இன்னும் ரெண்டு கை மண்ணு வச்சி, காலால மிதிச்சி, கெட்டியா அடைச்சேன். பொட்டுத் தண்ணி ஒழுவல. மூணு வருஷத்துல மொத தடவையா வாய்க்காத் தண்ணி முழுசா திரும்பி என் துண்டுக்குப் போச்சி. வெடிச்ச மண்ணு அதக் குடிக்கிற சத்தம் கேக்குது. வரிசை வரிசையா போயி, கடைசி வெண்டை வரைக்கும் போயி நின்னுச்சி. அரை மணி நேரம் ஆவறதுக்குள்ள மோட்டாரு காத்த இழுத்துச்சி. நிறுத்திட்டேன்.

பொழைச்சிடும். என் பேரு தகரத்துல இருக்கும். அப்பாடான்னு மருதாயி வரப்புல உக்காந்தேன். உக்காந்ததும் எதுர பாக்கறேன், அவ துண்டு. அவ பரங்கிக்கொடி எலையெல்லாம் சுருண்டு, பிஞ்சுங்க மஞ்சளாயி காம்புலேர்ந்து உதுந்து கெடக்குது. மொளவாச் செடி தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்குது. மூணு நாளாப் பறிக்க ஆளில்லாம வெண்டைக்கா ஒண்ணொண்ணும் முத்தி மரமாயி நிக்குது. அவ தண்ணி, அவ முறை. அவ செடிக்கி ஒரு முழம் தள்ளி ஓடிப் போச்சி. நான்தான் அடைச்சேன்.

“யக்கா, ரெண்டுக்கும் பத்தாதுக்கா”ன்னேன். வாய் வுட்டுத்தான் சொன்னேன். சொல்லிட்டு, அவ எதாவது ஏசுவாளான்னு ஒரு நிமிசம் உக்காந்துருந்தேன் பாருங்க. மூணு வருஷமா விடியக்காலம் ஆறு மணிக்கி நானும் அவளும் இங்க வருவோம். வந்ததும் ஆரம்பிச்சிடுவோம். ஊருல யாருகிட்டயும் நான் அவ்வளவு பேசுனது இல்ல. இந்தச் சிந்தாமணி பண்ணுன வேலைய நான் யாருகிட்ட போயிச் சொல்றது? சொன்னா யாரு சேந்து திட்டுவா? அவ ஒருத்திதான் திட்டுவா.

அழுவ எங்கேர்ந்துதான் வந்துச்சோ. ராகமும் இல்ல, மாரடிக்கவும் இல்ல. வாயத் தொறந்தா சத்தம் வரல, கண்ணுல மட்டும் கொட்டுது. சேத்துக் கையால தொடைச்சித் தொடைச்சி மூஞ்சியெல்லாம் சேறு.

சிந்தாமணி எழுந்து வந்து எட்டிப் பாத்தா. என் துண்டப் பாத்தா, தண்ணி பளபளன்னு நிக்குது. என் மூஞ்சியப் பாத்தா.

“அதான் தண்ணி பாஞ்சிடுச்சே, இன்னும் என்னாத்துக்குடி அழுவுற? மூணு நாளா அங்க அழுதது பத்தலையா ஒனக்கு?”

“அங்க எங்க அழுதேன்? இப்பத்தான் அழுவுறேன்”னேன்.